எடை மேடையில் நாற்பது திருடர்கள்

அறுபது ரூபாய்க்குச் சில்லறை இல்லையென்று
நாமக்கல் பெரியண்ணன் விட்டுப்போனது
ரெண்டு கட்டுச் சீட்டு.
ஒன்றுக்கு நீல முதுகு, ஒன்றுக்குச் சிவப்பு.
பெட்டிக்குள் நாலாய் மடித்த தாளில்
தனியாள் ஆட்டம் ஏழு இருந்தது.
ஆறை ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன்.
ஏழாவதன் பேர் நாற்பது திருடர்கள்.

பத்து வரிசை, வரிசைக்கு நாலு,
எல்லாம் முகம் காட்டிக்கொண்டு.
மறைத்து வைத்தது ஒன்றுமில்லை, அதுதான் மோசம்,
தெரிந்தே போய் மாட்ட வேண்டும்.
மீதி அறுபத்துநாலு கைக்கட்டு.
இஸ்பேட் ஒன்பதின் மேல் இஸ்பேட் எட்டுதான் உட்காரும்.
கிளாவர் எட்டும் கறுப்புத்தானே என்று கொண்டுபோனால்
ஜாதி பார்க்கும்.
ஊர் வழக்கம் சீட்டுக்கும் தெரிந்திருக்கிறது.
கொத்தாகத் தூக்கவும் கூடாது,
ஒரு தடவைக்கு ஒன்று.

வெள்ளகோவில் தாண்டி மூலனூர்ப் பிரிவில் என் மேடை.
அப்போது ஆடி.
கணவாய் வழியே வருகிற காத்து
கதவைக் கேட்டுக்கொண்டா வரும்?
முதல் ராத்திரியே டைமன் ராணி
கொப்பரை லாரிக்கடியில் போய்விட்டாள்.
டார்ச் அடித்து, டயருக்குள் கைவிட்டு
கிரீஸோடு கூட்டிவந்தேன்.
இன்றைக்கும் கட்டில் அவளை மட்டும்
முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

அப்புறம் வரிசைக்கொரு நட்டு.
லாரிப் பட்டையில் கழன்றது, பஞ்சர் கடைக்காரன் கொடுத்தது.
நட்டைத் தூக்கு, சீட்டை எடு,
அந்த நட்டைத் தூக்கு, வை, ரெண்டையும் வை.
இத்தனை வேலைக்கு நடுவில்
யோசிக்காமல் இருக்க முடியாது.
அப்படித்தான் பிடிபட்டது,
காலி வரிசை கிடைத்தால்
உடனே நிரப்பத் துடிக்கிறவன் தோற்பான் என்று.
நான் ஐம்பது தடவை நிரப்பினேன்.

ரோந்து ஏட்டு ஒருநாள் உள்ளே வந்தார்.
"ஏம்ப்பா தெய்வசிகாமணி, காசு வெச்சா?"
"இல்லீங்."
"எதுக்கால ஆடறவன் எங்க? ஓடீட்டானா?"
"ஆருமில்லீங். நான் மட்டுந்தானுங்."
மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்.
பின்கதவைத் திறந்து சோளக்காட்டைப் பார்த்தார்.
திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு
"அந்த ஆட்டின் ஏழ எடுத்து எட்டு மேல போடு" என்றார்.
தப்பான யோசனை.
ஏட்டு சொன்னார் என்று போட்டேன்.
தோற்றோம்.

புரட்டாசிக்குள் பதினோரு வெற்றி.
முத்திரைச் சான்றிதழ் மாட்டிய சுவரில்
பென்சிலால் பதினோரு கோடு.

ஐப்பசியில் தாளின் மேல் டீ கொட்டிற்று.
விளக்கில் காட்டி உலர்த்தும்போது
மடிப்பில் தேய்ந்த வரியொன்று எழுந்து வந்தது:
கைக்கட்டை ஒருமுறைதான் புரட்டலாம்.

நான் மூன்று முறை, சிலநாள் நாலு.

தவிட்டுப் புரோக்கர்கள் நோட்டை மடித்து நீட்டி
"ஒரு ஐநூறு கிலோ கூட்டிப் போடுங்ணா" என்கையில்
ஒருகிலோகூட நகராதவன்
என்று மேடைக்குப் பேர் உண்டு.
எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் அழித்தேன்.
முழுசாகப் போகவில்லை.
சாம்பலாய்ப் பதினொன்று
சான்றிதழுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இது மார்கழி. காத்து எப்போதோ நின்றாயிற்று,
பழக்கத்துக்குத்தான் நட்டு.
ஐப்பசிக்கு அப்புறம் ஒரு வெற்றியும் இல்லை.
இன்றைக்குக் கையில் ஒன்பது சீட்டு மீதி,
மேலே எட்டு அடுக்கில் ஐந்து ராணியைத் தாண்டியாயிற்று.
அப்போது பார்த்து மேடை ஆடுகிறது.
நூல் மூட்டையோடு பெரியண்ணன்.
"இந்தாங்க அறுபது. எங் கட்டைக் குடுங்க."
"சித்தெ இருங்."
எட்டிப் பார்க்கிறான்.
"எத்தனாவது சுத்து?"
"ஒரே சுத்துங்."
"ஒரே சுத்துலயா?" சிரிக்கிறான்.
"அப்பிடி ஆருங்க ஆடறாங்க?"

அவன் வண்டிக்குப் பின்னால் ரெண்டு வண்டி,
ஹாரன்.
திரையில் இருபத்தேழு நூற்றி நாற்பது.
ஏழாவது வரிசை நட்டு என் கையில்.